மைதானத்துக்குள் ஊக்கப்பொடிப் பந்தல்: வன்மையாகக் கண்டிக்கிறோம்

தடகள வீரர், வீராங்கனையரின் பெற்றோரும் பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் செயற்குழு நிறைவேற்றிய தீர்மானத்தின்படி வெளியிடப்படும் அறிக்கை

பள்ளி மாணவர்களுக்கான மாவட்ட அளவிலான தடகளப் போட்டி ஒன்றில், மைதானத்துக்குள்ளேயே பந்தல் போட்டு, பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ‘ப்ரீ ஒர்க்கவுட்’ பொடியைத் தண்ணீரில் கலக்கி இலவசமாகக் கொடுத்த நிறுவனத்தை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. அந்தப் பந்தலுக்கு இடம் ஒதுக்கிய போட்டி அமைப்பாளர்களைக் கண்டிக்கிறது. தங்களை நம்பி வந்த மாணவர்களை வரிசையில் நிறுத்தி, “குடிச்சிட்டு ஓடு, வித்தியாசம் தெரியும்” என்று சொன்ன பயிற்சியாளர்களை, அவர்கள் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், கண்டிக்கிறது.

அன்று 400 மீட்டர் தகுதிச் சுற்றுக்கு முன்பு அந்தப் பொடியை இரண்டு கோப்பை குடித்த ஒரு மாணவன், ஓட்டம் முடிந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, வாந்தி நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மாலை வரை கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நலமாக இருக்கிறான். அவன் பெயரையும் பள்ளியையும் நாங்கள் வெளியிடப் போவதில்லை. பத்திரிகை நண்பர்களும் தேடிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்தப் பொடியின் டப்பாவை எங்கள் உறுப்பினர்கள் கையில் வாங்கிப் படித்தார்கள். ஒரு ஸ்கூப்பில் 300 மில்லிகிராம் காஃபீன் என்று போட்டிருந்தது. மற்ற பொருள்களுக்குத் தனித்தனி அளவே இல்லை. ‘எங்கள் நிறுவனத்தின் தனிக் கலவை’ என்ற ஒரே தலைப்பின் கீழ் ஏழெட்டு ரசாயனப் பெயர்கள் வரிசையாக நின்றன. வளரிளம் பருவத்தினருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபீன் வரை போகலாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் கணக்கு. 45 கிலோ எடையுள்ள பையனுக்கு அது 135 மில்லிகிராம். கோப்பைக்கு ஒரு ஸ்கூப் என்று வைத்தாலும், அவன் அரை மணி நேரத்துக்குள் குடித்தது 600.

நிறுவனத்தின் பிரதிநிதியிடம் கேட்டபோது, “காஃபீன் தடை செய்யப்பட்ட பொருள் இல்லையே” என்றார். உண்மைதான். 2004 முதல் காஃபீன் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்காது என்பதால், ஒரு பொருள் சிறுவனின் இதயத்துக்கு ஏற்றதாக ஆகிவிடாது. கடையில் விற்கும் காஃபீன் பானப் புட்டியில்கூடக் குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. அந்தப் பானத்தில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இருக்கக் கூடாது. ஒரு லிட்டருக்கு வைத்த உச்ச வரம்பை ஒரே கோப்பையில் கலக்கி, பள்ளிச் சீருடையில் இருந்தவர்களின் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அமைப்பாளர்கள் சொன்ன விளக்கத்தையும் நேர்மையாகப் பதிவு செய்கிறோம். பதக்கம், பனியன், குடிநீர், மேடை எல்லாவற்றுக்கும் அந்த நிறுவனம்தான் பணம் கொடுத்ததாம். மாவட்டப் போட்டி நடத்துவதன் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக் கோடு போடுவதற்கும் நடுவர்களின் சாப்பாட்டுக்கும் ஊர்ப் பெரியவர்களின் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் எங்கள் சங்கத்திலும் இருக்கிறார்கள். பணம் இல்லையென்றால் பதக்கத்தைச் சிறிதாக்கலாம், பனியனை விட்டுவிடலாம். பிள்ளைகளின் உடம்பை விளம்பரப் பலகையாக வாடகைக்கு விடும் உரிமையை எந்தப் பெற்றோரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

இலவசக் கோப்பையோடு இது முடிந்துவிடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அது தூண்டில். அடுத்த வாரமே டப்பா வருகிறது. “கோச் சொன்னார்” என்ற ஒரு வார்த்தைக்காகக் கட்டட வேலைக்குப் போகும் தகப்பனும், தீப்பெட்டி ஒட்டும் தாயும் மூவாயிரம் ரூபாய்க்குக் கடன் வாங்குகிறார்கள். டப்பாவுக்கு இவ்வளவு என்று பயிற்சியாளருக்குக் கமிஷன் போகிறது. பில் கேட்டால் கிடைக்காது. “இம்போர்ட்டட் சரக்கு, வெளியே கிடைக்காது” என்பார்கள். சில இடங்களில் டப்பாவே கிடையாது. பெரிய டின்னிலிருந்து அள்ளி, ஜிப் கவரில் போட்டுத் தருகிறார்கள். லேபிள் இல்லை, தொகுதி எண் இல்லை, காலாவதி தேதி இல்லை. பிள்ளை என்ன குடிக்கிறது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது.

பொடிக்கு அடுத்து வருவது மாத்திரை. ‘ஸ்ட்ரெங்த் மாத்திரை’ என்ற பெயரில் ஸ்டனோசோலோல், மெட்டாண்டியனோன் போன்ற ஸ்டீராய்டுகள். அதற்கும் அடுத்து ஊசி. அறுவை சிகிச்சையின்போது மயக்கத்தில் இருப்பவரின் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கினால் ஏற்றிவிடுவதற்காக மருத்துவர்கள் வைத்திருக்கும் மெஃபன்டர்மைன், இன்று ஜிம்களில் ‘எனர்ஜி ஊசி’ என்ற பெயரில் புழங்குகிறது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் (வாடா) தடைப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெற்ற பொருளும்கூட. ஆரோக்கியமான ஒருவர் அதை ஏற்றிக்கொண்டால் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் எகிறும். தொடர்ந்து போட்டால் அடிமைப்படுத்தும், மனநலத்தையும் குலைக்கும். ஸ்டீராய்டு வளரும் பிள்ளைகளிடம் செய்யும் கேட்டைப் பெற்றோர் அறிந்தே ஆக வேண்டும். எலும்பின் வளர்ச்சி முனைகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டு உயரம் அத்தோடு நின்றுவிடும். வாய்வழி எடுக்கும் வகைகள் கல்லீரலைத் தாக்கும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தடைபடும், குரல் கட்டைக் குரலாகும். மருந்தை நிறுத்தினாலும் அந்தக் குரல் பழையபடி திரும்பாது.

எங்களை அதிகம் கலங்க வைப்பது, மாத்திரையும் ஊசியும் தொடாத பிள்ளைகளும் சிக்கிக்கொள்வதுதான். 2000, 2001 ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் 13 நாடுகளில் 634 சப்ளிமென்ட்களை வாங்கிச் சோதித்தார்கள். எதன் லேபிளிலும் ஹார்மோன் என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் 94 டப்பாக்களில், அதாவது கிட்டத்தட்ட 15 விழுக்காட்டில், உடலுக்குள் போய் ஸ்டீராய்டாக மாறக்கூடிய பொருள்கள் இருந்தன. சிலவற்றில், ஹார்மோன் பொடி அரைத்த இயந்திரத்தைச் சரியாகக் கழுவாமல் அடுத்த பொடியை அரைத்ததால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சிலவற்றில் வேண்டுமென்றே கலப்பதும் உண்டு. சாப்பிட்ட இரண்டு வாரத்தில் உடம்பு முறுக்கேறினால்தானே வாடிக்கையாளர் அதே டப்பாவைத் தேடி மறுபடியும் வருவார்!

கலப்படம் எவ்வளவு குறைவாக இருந்தால் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் எச்சத்துக்கு வைக்கப்பட்டிருக்கும் எல்லை, ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 2 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். கண்ணுக்கும் நாக்கிற்கும் எட்டாத கலப்படம் சோதனைக் கருவிக்கு எட்டிவிடும். மைதானத்தில் பொடியை அள்ளிக் கொடுக்கும் எந்த ‘அண்ணனும்’ அதில் அந்த அளவுக்கு எதுவும் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

நம் நாட்டுச் சந்தையைப் பற்றியும் சான்று இருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் அவருடைய குழுவினரும் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 விழுக்காடு டப்பாக்களில் புரதத்தின் அளவு லேபிளில் சொன்னபடி இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 விழுக்காட்டில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின் இருந்தது. கடன் வாங்கிக் கட்டிய மூவாயிரம் ரூபாயில் பாதி ஏமாற்றாகவும், சில டப்பாக்களில் நஞ்சாகவும் போயிருக்கிறது என்றால், அந்தப் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?

சப்ளிமென்ட் விஷயத்தில் தண்டனை யார் தலையில் விழுகிறது என்பதற்கு நம் தடகள வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 2010-ல் தில்லி காமன்வெல்த் போட்டியிலும் சீனாவின் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். நாடே கொண்டாடியது. அடுத்த ஆண்டு, அந்தத் தங்க அணியில் ஓடிய மூவர் உட்பட ஆறு ஓட்டக்காரப் பெண்கள் ஸ்டீராய்டுச் சோதனையில் சிக்கினார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் யூரி ஒகோரோட்னிக் சீனாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்த ஜின்செங் வேர் மாத்திரைகளைத் தவிர வேறு எதையும் உட்கொள்ளவில்லை என்பது அவர்களின் வாதம். பயிற்சியாளர் 2011 ஜூலையில் பதவி நீக்கப்பட்டார். இந்திய ஒழுங்கு நடவடிக்கைக் குழு அந்தப் பெண்களுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. உலகத் தடகளக் கூட்டமைப்பு மேல்முறையீடு செய்ய, லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2012 ஜூலையில் அதை இரண்டு ஆண்டாக உயர்த்தியது. லண்டன் ஒலிம்பிக் கனவு அத்தோடு போயிற்று. பயிற்சியாளர் கையால் வாங்கினேன் என்று சொல்லி ஒருவர் தன் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது என்பதுதான் விதி. தேசிய முகாமில் தங்கி, அரசு நியமித்த பயிற்சியாளரிடம் ஓடியவர்களின் நிலைமையே அதுதான். மாவட்ட மைதானத்தில் ஜிப் கவரில் பொடி வாங்குகிற நம் பிள்ளைக்கு என்ன வாதம் மிச்சம் இருக்கும்?

அன்று இரண்டு ஆண்டு. 2015-க்குப் பிறகு ஸ்டீராய்டு வகைக்கு அடிப்படைத் தண்டனையே நான்கு ஆண்டு. தெரியாமல் உள்ளே போயிற்று என்றால், எதன் வழியாகப் போயிற்று என்பதை வீரர்தான் நிரூபிக்க வேண்டும். மூடி திறக்காத அதே தொகுதி டப்பா வேண்டும், ஆய்வகக் கட்டணம் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும். ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் பிரிவில் நான்காம் இடம் பிடித்த ஜிம்னாஸ்டிக் வீராங்கனை தீபா கர்மாகர், ஹிஜெனமின் என்ற பொருளுக்காக 21 மாதத் தடையைச் சுமந்தார். சில மூலிகைகளில் இயற்கையாகவே இருப்பதும், எடைக் குறைப்புப் பொடிகளில் சேர்க்கப்படுவதுமான பொருள் அது. எப்படி உடலுக்குள் போனது என்று தனக்குத் தெரியவில்லை என்றார். கிரிக்கெட் வீரர் யூசுப் பதான் இருமல் மருந்தில் இருந்த டெர்புடலினுக்காக 5 மாதத் தடை பெற்றார். பெயரும் புகழும் ஆலோசகர்களும் உள்ளவர்களுக்கே இந்தக் கதி.

தோகாவில் 2019 ஏப்ரலில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கத்தை வென்று வந்த திருச்சி மாவட்டத்துப் பெண்ணை இந்தத் தமிழ்நாடு எப்படி வரவேற்றது என்பதை நாம் மறக்கவில்லை. மாலை போட்டவர்களும் மேடை ஏற்றியவர்களும் பரிசு அறிவித்தவர்களும் ஏராளம். நான்ட்ரோலோன் எச்சம் காணப்பட்டதாகச் செய்தி வந்ததும் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். பதக்கம் பறிக்கப்பட்டது, நான்கு ஆண்டுத் தடை விழுந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். தீர்ப்பை நாங்கள் மறுவிசாரணை செய்ய வரவில்லை. எங்கள் கேள்வி ஒன்றே ஒன்று: இதுபோன்ற ஒவ்வொரு தீர்ப்புக்கும் பிறகு, அந்தப் பொருளை விற்றவர், கொடுத்தவர், பரிந்துரைத்தவர் யார் என்று யாராவது தேடிப் போனார்களா?

கிராமத்துப் பிள்ளைக்கு நான்கு ஆண்டுத் தடை என்றால் பதக்கம் மட்டும் போகவில்லை. விளையாட்டு விடுதியில் இடம் போகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியும் வேலையும் போகின்றன. ‘மருந்து போட்டு ஓடின பொண்ணு’ என்ற பேச்சு கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வருகிறது. பொடி விற்றவர் அடுத்த மைதானத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருப்பார்.

தெரிந்தே மருந்து போடுபவர்களுக்காக நாங்கள் வக்காலத்து வாங்குவதாக யாரும் திரிக்க வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் தில்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் நடந்த மாநிலத் தடகளப் போட்டியில், கழிப்பறையில் பயன்படுத்திய ஊசிகள் கிடந்தன. சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும் வீரர்கள் மாயமானார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். அதே 2023-ல் இந்தியாவில் எடுக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 3.8 விழுக்காடு தடைப் பொருள் இருப்பதாகக் காட்டின. 5,000 மாதிரிகளுக்கு மேல் சோதித்த நாடுகளில் இதுவே மிக அதிகம். 28,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்த சீனாவில் அது வெறும் 0.2. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பற்றி வாடா வெளியிட்ட பத்தாண்டுக் கணக்கிலும் ரஷ்யாவுக்கு அடுத்த இடத்தில் நிற்பது நாம். இந்த எண்களைப் படிக்கும்போது எங்களுக்குத் தலை குனிகிறது. தெரிந்து ஏமாற்றுகிறவர், சுத்தமாக ஓடி நான்காவதாக வந்த பிள்ளையின் பதக்கத்தைத் திருடுகிறார். அவருக்குத் தண்டனை வேண்டும். அந்தத் தண்டனை சங்கிலியின் கடைசிக் கண்ணியிலேயே நின்றுவிடுவதைத்தான் கண்டிக்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை ஊசி மருந்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு வருவதில்லை.

சட்டமே இல்லை என்று அதிகாரிகள் கைவிரிக்க முடியாது. 2016-ன் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, சத்துச் சேர்ப்புப் பொருள்களில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ மனநிலையை மாற்றும் பொருளோ சேர்க்கவே கூடாது என்கிறது. 2006-ன் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தில் தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை, ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பாதுகாப்பற்ற உணவால் உயிரோ உடலோ கெட்டால் சிறையும் உண்டு. ஸ்டீராய்டுகள் மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகள். இத்தனையும் ஏட்டில் இருக்க, தீபாவளிக்கு முன்பு இனிப்புக் கடைகளில் மாதிரி எடுக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள், மைதானத்தை ஒட்டிய சப்ளிமென்ட் கடையில் மாதிரி எடுத்து நாங்கள் பார்த்ததில்லை. இந்தச் செயலின்மையையும் கண்டிக்கிறோம். 2022-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தை வரவேற்றவர்கள் நாங்கள். அந்தச் சட்டம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்குச் (நாடா) சட்ட வலு தந்தது. ஆனால் வீரர்களுக்கு மருந்து கைமாற்றும் வியாபாரியைச் சிறைக்கு அனுப்பும் பிரிவு அதில் வைக்கப்படவில்லை.

ஆகவே மாநில அரசிடமும் ஒன்றிய அரசிடமும் எங்கள் சங்கம் வைக்கும் கோரிக்கைகள் இவை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் கலந்துகொள்ளும் எந்தப் போட்டிக்கும் சப்ளிமென்ட், காஃபீன் பான நிறுவனங்களின் நன்கொடையை வாங்கக் கூடாது என்று பள்ளிக்கல்வித் துறையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் உடனே சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப மாவட்டப் போட்டிகளுக்கு அரசே நிதி ஒதுக்க வேண்டும். நிதியைத் தராமல் நன்கொடையை மட்டும் தடுத்தால் போட்டியே நின்றுபோகும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். மைதானங்கள், ஜிம்கள் அருகே உள்ள கடைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் சேர்ந்து முன்னறிவிப்பு இல்லாமல் மாதிரி எடுத்து, முடிவைத் தொகுதி எண்ணோடு தமிழில் வெளியிட வேண்டும். ஒரு சிறார் சோதனையில் சிக்கினால், அவருக்கு நோட்டீஸ் போகும் நாளிலேயே அவருடைய பயிற்சியாளர் மீதும் பொருளைக் கொடுத்தவர் மீதும் விசாரணை தொடங்க வேண்டும். ஏழை வீரர்களுக்கு இலவச வழக்கறிஞரும் ஆய்வகச் செலவும் அரசுப் பொறுப்பாக வேண்டும். தடைப் பட்டியலின் விளக்கம் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரிக்குள் எளிய தமிழில் எல்லா விளையாட்டு விடுதிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வந்து சேர வேண்டும். 2030 காமன்வெல்த் போட்டியை அகமதாபாத்தில் நடத்தப் போகிற நாடு இதைச் செய்ய முடியாது என்று சொன்னால் நாங்கள் நம்ப மாட்டோம்.

பொடியே வேண்டாம் என்ற வறட்டுப் பிடிவாதம் எங்களுக்கு இல்லை. பயிற்சிக்குப் பலன் தருவதாக நல்ல சான்று உள்ள பொருள்கள் ஒருசில உண்டு என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் வல்லுநர் குழு 2018-ல் கூறியது. காஃபீன், கிரியேட்டின், நைட்ரேட், சில அமிலத் தணிப்பிகள், அவ்வளவுதான் பட்டியல். அதுவும் முழு வளர்ச்சி அடைந்த உயர்மட்ட வீரர்கள், தங்கள் உணவையும் பயிற்சியையும் சீராக்கிய பிறகு, தகுதியான நிபுணரின் மேற்பார்வையில் எடுக்க வேண்டியவை. ஓட்டப் பயிற்சிக்கு வரும் நம் பெண் பிள்ளைகள் பலருக்கு உண்மையில் குறைவது இரும்புச் சத்து. ரத்தப் பரிசோதனை செய்து அரசு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையில் அது தீரும். காலைப் பயிற்சிக்கு வெறும் டீயோடு வருகிற பையனுக்கு இரண்டு ஸ்கூப் பொடி கொடுத்து என்ன பயன்? இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம், நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராம். கம்பங்கூழும் சுண்டலும் பாலும் முட்டையும் சேர்ந்தால் ஒரு பள்ளி வீரருக்குத் தேவையான புரதம் தாராளமாகக் கிடைக்கும். டப்பாவுக்குக் கொடுக்கும் மூவாயிரத்தில் அந்த வீடு முழுவதும் ஒரு மாதம் முட்டை சாப்பிடலாம். சத்துணவில் முட்டை போடும் மாநிலம், பயிற்சி முடிந்த பிள்ளைக்குக் காலையில் ஒரு முட்டையும் ஒரு தம்ளர் பாலும் மைதானத்திலேயே தரலாம். இதையும் கோரிக்கையாகவே வைக்கிறோம்.

எங்கள் பங்குக்குச் செயற்குழு எடுத்த முடிவுகளையும் அறிவிக்கிறோம். சப்ளிமென்ட் விற்பனையில் கமிஷன் வாங்கும் பயிற்சியாளர் யாராக இருந்தாலும், எத்தனை பதக்கம் வாங்கிக் கொடுத்தவராக இருந்தாலும், சங்கத்திலிருந்து நீக்கப்படுவார். அவர் பெயர் மாவட்ட விளையாட்டு அலுவலருக்கு எழுத்துபூர்வமாக அனுப்பப்படும். மேற்படி சம்பவம் குறித்து உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் காவல் துறையிடமும் டப்பாவின் புகைப்படத்தோடு புகார் கொடுத்திருக்கிறோம். நடவடிக்கை இல்லாவிட்டால் பெற்றோரும் வீரர்களும் திரண்டு ஆட்சியர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம் நடத்துவோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். யார் கொடுத்தாலும் சரி, மூடி திறந்த பானத்தைப் பிள்ளை குடிக்க விடாதீர்கள். சளி, காய்ச்சல், மூட்டுவலி என்று மருத்துவரிடம் போகும்போது, “இவன் போட்டியில் ஓடுகிற பையன், சோதனை எடுப்பார்கள்” என்று முதலிலேயே சொல்லுங்கள். நாட்டு மருந்தும் லேகியமும் இதற்கு விலக்கு அல்ல. ஏற்கெனவே ஏதாவது பொடி வாங்கியிருந்தால் பில்லையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், தொகுதி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு அழைத்தால் பிள்ளையுடன் பெரியவர் ஒருவர் போக உரிமை உண்டு, கட்டாயம் போங்கள். கடந்த ஏழு நாட்களில் எடுத்த மருந்து, சப்ளிமென்ட் விவரத்தைப் படிவத்தில் ஒன்று விடாமல் எழுதச் சொல்லுங்கள். பயந்து மறைத்தால் அதுவே பின்னால் எதிராக நிற்கும். நோட்டீஸ் ஏதாவது வந்தால் அதில் சொன்ன கெடு தேதிக்குள் பதில் போக வேண்டும். வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே எங்கள் சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். பிள்ளை உறுப்பினரா இல்லையா என்று பார்க்க மாட்டோம்.

இவண்,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்